வீட்டு மாமரத்துக்கு என்ன பெயர்?



இன்றைய பேச்சுக்குப் பொருள் மூன்று கேள்விகள். வீட்டுக் கொல்லையில் நிற்கிற மாமரம் என்ன ரகம்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த ரகத்தோடும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த மரத்தை என்ன செய்வது?

இந்தக் கேள்விகளைக் கேட்கத் திருவக்கரையைவிடப் பொருத்தமான ஊர் எது? பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மனைத் தரிசிக்க வருகிறவர்கள் ஊருக்குக் கிழக்கே கல்மரப் பூங்காவையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். செம்மண்ணில் பாதி புதைந்தும் பாதி வெளியே தெரிந்தும் கிடக்கிற அந்தக் கல்மரங்களைப் பற்றி 1781இலேயே சொன்னரா என்ற ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் எழுதிவைத்தார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவற்றைக் காத்துவருகிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் அவை. சில 3 மீட்டர் நீளம், சில 15 மீட்டர் நீளம். ஒன்றில்கூடக் கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை. அதனால்தான் அவை இங்கே வளர்ந்தவை அல்ல, வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு இங்கே புதைந்தவை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

இலை இல்லாத மரத்தை எப்படி அடையாளம் கண்டார்கள்? கல்லில் ஒரு சில்லு அறுத்தார்கள். ஒளி ஊடுருவும் அளவுக்கு அதை மெல்லியதாகத் தேய்த்தார்கள். நுண்ணோக்கியின் கீழே வைத்து, மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய குழாய்களின் அளவையும் வரிசையையும் பார்த்தார்கள். அந்தக் குழாய்கள் இல்லாத மரம் ஊசியிலை மரங்களின் கூட்டம். குழாய்கள் உள்ள மரம் பூக்கும் மரங்களின் கூட்டம். அப்படிப் படித்துப் படித்துத்தான் புளியின் குடும்பம், ஆமணக்கின் குடும்பம் என்று பிரித்தார்கள். மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்து மரங்களும் இந்தக் கல்மரங்களுக்குள் இருப்பதாகக் கண்டார்கள்.

பூ உதிர்ந்து, பழம் அழுகி, இலை மக்கி, கட்டையே கல்லாகிப்போன மரத்துக்குக் குடும்பம் சொல்ல முடிகிறது. பூவும் பழமும் இலையும் கண்முன்னே இருக்கிற மரத்துக்குப் பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அது நியாயமா?

இங்கிலாந்தில் இதே கேள்வியை ஆப்பிளுக்குக் கேட்கிறார்கள். 1990ஆம் ஆண்டு லண்டனில் முதல் முறையாக ஆப்பிள் நாள் கொண்டாடப்பட்டது. அதிலிருந்து ஒவ்வோர் அக்டோபரிலும் ஊருக்கு ஊர் அந்த நாளை நடத்துகிறார்கள். மக்கள் தங்கள் தோட்டத்து ஆப்பிளைப் பையில் போட்டு எடுத்துவருகிறார்கள். ரகம் அறிந்தவர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். காம்புக் குழியின் ஆழத்தைப் பார்க்கிறார், அடிக்குழியைப் பார்க்கிறார், தோலைத் தடவிப் பார்க்கிறார், வெட்டி நடுவறையைப் பார்க்கிறார், பிறகு பெயரைச் சொல்கிறார். கென்ட் பகுதியில் உள்ள பிராக்டேல் என்ற இடத்தில் 2000க்கும் மேற்பட்ட ஆப்பிள் ரகங்களை மரங்களாகவே வளர்த்துவைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் அந்த மரங்களோடு ஒப்பிடலாம்.

திருவக்கரை வெயிலில் அந்த ஆப்பிள்கள் விளையாது. ஆனால் உருண்டையாக, ஆப்பிள் வடிவத்திலேயே காய்க்கிற ருமானி இந்தப் பக்கத்துச் சந்தைகளில் உண்டு. ஆப்பிள் ருமானி என்று கூவி விற்பதையும் கேட்டிருப்பீர்கள். ஆப்பிளுக்கும் மாவுக்கும் அந்த வடிவத்தைவிட முக்கியமான இன்னோர் ஒற்றுமை உண்டு. இரண்டிலுமே கொட்டை போட்டு முளைத்த பிள்ளை தாயைப்போல இருப்பதில்லை!

அவையோரே, அங்கேதான் முதல் சோதனை தொடங்குகிறது. கொல்லையில் நிற்பது ஒட்டு மரமா, கொட்டை மரமா?

ஒட்டு மரம் என்றால் அதற்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது, தேடினால் கிடைக்கும். கொட்டை மரம் என்றால் அதற்குப் பெயரே இருக்காது. பங்கனபள்ளிப் பழத்தைத் தின்று கொட்டையைக் குப்பைமேட்டில் போட்டால் முளைப்பது பங்கனபள்ளி அல்ல. தாயின் பாதியும், பூவுக்கு மகரந்தம் தந்த முகமறியா மரத்தின் பாதியும் சேர்ந்த புதிய மரம் அது. தமிழ்நாட்டில் ஒட்டுக்கட்டி வளர்க்கிற புகழ்பெற்ற ரகங்கள் எல்லாம் இப்படித்தான், ஒரு கொட்டைக்கு ஒரே கரு. கேரளத்து ஓலூரும் சந்திரக்காரனும் வேறு வகை. அங்கே ஒரு கொட்டையிலிருந்து பல முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயையே அப்படியே உரித்துவைத்திருக்கும். ஆகவே கொட்டை முளைக்கும்போது எத்தனை தளிர் வருகிறது என்று எண்ணிப்பார்ப்பதும் ஒரு சோதனைதான்.

ஒட்டு மரத்தை எப்படிக் கண்டுகொள்வது? அடிமரத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் பாருங்கள். ஒட்டுக்கட்டிய இடத்தில் பட்டை மாறியிருக்கும். சில மரங்களில் வீங்கியிருக்கும், சில மரங்களில் ஒரு பக்கம் வளைந்திருக்கும். பெரியவர்களைக் கேளுங்கள். நட்ட மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்த்தது என்றால் பெரும்பாலும் ஒட்டு. ஆறேழு ஆண்டுகளோ அதற்கு மேலோ காக்கவைத்து, பனையோடு போட்டி போட்டு உயர்ந்த மரம் என்றால் பெரும்பாலும் கொட்டை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒட்டுக் கன்று என்று பணம் கொடுத்து வாங்கி நட்டிருப்பார்கள். பத்து ஆண்டு கழித்துக் காய்த்தால் நார் நிறைந்த புளிப்பு மாங்காய்! வாங்கிய இடத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வரும். ஆனால் பல வீடுகளில் நடந்தது வேறு. ஒட்டுக்கு மேலே இருந்த நல்ல கிளை ஆடு கடித்தோ வெயிலில் காய்ந்தோ போயிருக்கும். ஒட்டுக்குக் கீழே, வேர்க் கன்றிலிருந்து துளிர்த்த கிளைதான் மரமாக வளர்ந்திருக்கும். அடிமரத்தைப் பார்க்காமல் பழத்தை மட்டும் பார்த்தால் இந்த உண்மை தெரியாது.

சரி, ஒட்டு மரம் என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன?

அடுத்து மரத்தை முழுதாகப் பார்க்க வேண்டும், ஓராண்டு முழுதும் பார்க்க வேண்டும். கொழுந்து விடும்போது அது செம்பு நிறமா, வெளிர் பச்சையா? இலையைக் கசக்கி முகர்ந்தால் வாசனை எப்படி? இலை ஓரம் நெளிந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா? தை, மாசியில் பூங்கொத்தின் தண்டு சிவப்பா, இளஞ்சிவப்பா, பச்சையா? காய் பறிக்கும்போது பால் அதிகம் வடிகிறதா? பழுத்த பிறகு எத்தனை நாள் தாங்குகிறது? கொட்டை தட்டையா, தடித்ததா, அதில் நார் எவ்வளவு?

பழத்துக்கு வருவோம். பெங்களூரா என்கிற கிளிமூக்கைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். நீண்டு ஒடுங்கிய உடம்பு, அடியில் வளைந்த மூக்கு, மூக்குக்கு மேலே தெளிவான பள்ளம். செந்தூராவுக்குத் தோளில் சிவப்பு. பங்கனபள்ளி பெரியது, வழவழப்பான மெல்லிய தோல், பழுத்தால் பொன் மஞ்சள், நாரில்லாத கெட்டியான சதை. மல்கோவா உருண்டு திரண்டது. தடித்த தோல், தாமதமான பருவம், அளவாகவே காய்க்கிற மரம். காலாபாடி மரமே குட்டையாக நிற்கும். நீலம் நடுத்தர அளவு, சிறிய மூக்கு. ஆண்டுதோறும் தவறாமல் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். மற்ற ரகங்கள் ஓய்ந்த பிறகும் ஆனி, ஆடியில் சந்தையில் நிற்பது அதுதான். வெளியே ஓட்டையே இல்லாத நீலத்தை வெட்டினால் கொட்டைக்குள் வண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிஞ்சிலேயே தோலின்மேல் தாய் வண்டு முட்டையிட, புழு உள்ளே துளைத்துப்போன வழி காய் வளர வளர மூடிவிடுகிறது. அந்த வண்டுக்கு நீலமும் பெங்களூராவும் மிகவும் பிடித்தமானவை.

ஆனால் ஒரு பழத்தை நம்பி ரகம் சொல்லக் கூடாது. வெயில் படும் பக்கத்துப் பழம் சிவக்கும், நிழலில் தொங்கும் பழம் சிவக்காது. காய்ப்பு மிகுந்த ஆண்டில் பழம் சிறுக்கும். கிணற்றடி மரத்தின் பழமும் மானாவாரி மரத்தின் பழமும் ஒரே ரகமானாலும் எடையில் வேறுபடும். மரத்தின் நாலா பக்கத்திலிருந்தும் பழங்களை எடுத்து, பரப்பிவைத்து, எல்லாவற்றிலும் பொதுவாக எது இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இத்தனையும் பார்த்தபின் பெயர் தெளிந்துவிடுமா? அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. கிளிமூக்கு, பெங்களூரா, தோத்தாபுரி, கலெக்டர், சந்தர்ஷா இவையெல்லாம் ஒரே ரகத்தின் பெயர்கள். பங்கனபள்ளிக்கு பேனிஷான் என்றும் சப்பட்டை என்றும் சபேதா என்றும் பெயர்கள். ஊருக்கு ஒரு பெயர், சந்தைக்கு ஒரு பெயர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும் என்றுதான் கே.சி. நாயக்கும் எஸ்.ஆர். கங்கோலியும் தென்னிந்திய மா ரகங்களை வரிசைப்படுத்தி, பெயர்களை ஒழுங்கு செய்து 1950இல் சென்னையிலிருந்து ஒரு பெருநூல் கொண்டுவந்தார்கள். இலை, பூ, பழம், கொட்டை என்று ஒவ்வொன்றையும் அளந்து எழுதிய உழைப்பு அது.

கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாத இடமும் உண்டு. டெல்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் நீலத்தைத் தாயாகவும் தசேரியைத் தந்தையாகவும் வைத்து உருவாக்கியது மல்லிகா. தசேரியைத் தாயாகவும் நீலத்தைத் தந்தையாகவும் வைத்து உருவாக்கியது அம்ரபாலி. பெற்றோர் அதே இருவர், பிள்ளைகள் வேறு வேறு. மல்லிகா பெரிய பழம், அம்ரபாலி சிறிய பழம், குட்டை மரம். நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பிகேஎம் 1, பிகேஎம் 2 இரண்டிலும் நீலத்தின் இரத்தம் ஓடுகிறது. இப்படி உறவு பின்னிக் கிடக்கும்போது, மரபணுச் சோதனைதான் கடைசித் தீர்ப்பு சொல்கிறது.

அந்தச் சோதனை என்ன வெளிச்சம் தருகிறது என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து போன முல்கோபா என்ற மாவின் கொட்டைகளைக் கேப்டன் ஜான் ஹேடன் என்பவர் 1902இல் தன் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். மறு ஆண்டே அவர் இறந்துபோனார். அவர் மனைவி ஃபுளோரன்ஸ் அந்தக் கன்றுகளை வளர்த்தார். 1910இல் அவற்றில் ஒன்று கன்னம் சிவந்த பழத்தைத் தந்தது. ஹேடன் என்று உலகம் அதை அழைக்கிறது. உலகச் சந்தையில் இன்று கைமாறுகிற பல மாம்பழங்களின் முன்னோர் அந்த ஒரு மரம். அதன் தாய் முல்கோபா என்று எல்லோருக்கும் தெரியும். தந்தை யார்? ஏறத்தாழ நூறாண்டு கழித்து மரபணு ஆய்வு பதில் சொன்னது. டர்பன்டைன் என்ற, நார் நிறைந்த, யாரும் மதிக்காத மா அது! அதே ஆய்வில், ஃபுளோரிடாவின் பெரும்பாலான ரகங்கள் இந்தியாவிலிருந்து போன நான்கு மாக்களிலிருந்து வந்தவை என்றும் தெரிந்தது. அந்த நால்வரில் ஒருவர் சந்தர்ஷா, நம் கிளிமூக்கு.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். எல்லாம் பார்த்தாயிற்று, எந்த ரகத்தோடும் சேரவில்லை. அது கொட்டை மரம். சந்தையில் பெயர் இல்லை, புத்தகத்தில் பெயர் இல்லை. வெட்டிவிடலாமா?

1809இல் இங்கிலாந்தின் சவுத்வெல் என்ற சிற்றூரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் விதை போட்டாள். மரம் வளர்ந்தது, காய்த்தது. பிறகு அந்த வீட்டை பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் விலைக்கு வாங்கினார். 1856இல் மெர்ரிவெதர் என்ற பதினேழு வயது இளைஞன் அந்தப் பழத்தைப் பார்த்தான். நாற்றுப்பண்ணைக் குடும்பத்துப் பையன் அவன். ஒட்டுக்கட்டக் குச்சி கேட்டான். என் பெயரை வைப்பதானால் எடுத்துக்கொள் என்றார் பிராம்லி. சமையலுக்கு இங்கிலாந்து இன்றுவரை கொண்டாடுகிற பிராம்லி ஆப்பிள் அப்படித்தான் பிறந்தது. விதை போட்ட மேரி ஆனின் பெயர் பழத்துக்கு வரவில்லை. ஆனாலும் அந்த இளைஞன் அன்று நின்று பார்க்காமல் போயிருந்தால், குச்சி வெட்டாமல் போயிருந்தால், அந்தச் சுவையே உலகத்துக்குக் கிடைத்திருக்காது.

இங்கிலாந்து தூரமா? இமாசலப் பிரதேசம் வாருங்கள். பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா, வீட்டுப் பின்புறம் போட்ட ஆப்பிள் விதைகளில் முளைத்த ஒரு கன்றை விடாமல் வளர்த்தார். ஆப்பிளுக்குக் கடுங்குளிர் வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெப்பம் தாங்கிக் காய்த்தது அந்த மரம். எச்ஆர்எம்என் 99 என்று அதற்குப் பெயர் வந்தது. சமவெளி மாநிலங்களிலும் அதை நட்டுப் பார்க்கிறார்கள். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இமாசலமும் தூரமா? கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துக் கண்ணபுரத்தைப் பாருங்கள். ஒரு பழைய நாட்டு மாமரம் வெட்டப்பட்டது. அந்த இழப்பு ஊர் மக்களை உலுக்கியது. வீடு வீடாகப் போனார்கள். மரத்துக்கு மரம் பழம் பறித்தார்கள், படம் எடுத்தார்கள், சுவையை எழுதினார்கள். 200க்கும் மேற்பட்ட நாட்டு மாக்கள் அந்த ஒரு வட்டாரத்தில் பதிவாயின. 2020இல் அந்த ஊர் நாட்டு மா பாரம்பரியப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்து மலைநாட்டில் ஊறுகாய்க்கென்றே வளரும் அப்பெமிடி மாக்களுக்கு, மரம் நின்ற ஊரின் பெயரையோ வளர்த்தவரின் பெயரையோ வைத்து, ஒட்டுக்கட்டிக் காத்துவருகிறார்கள். அனந்த பட்டன அப்பெ என்பது அப்படி வந்த பெயர்தான். அப்பெமிடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அதுவும் தூரம் என்றால், இதோ திண்டிவனம். அங்கே உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் குடியாத்தம் கொத்துக் கடலை என்ற நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் டிஎம்வி 2 நிலக்கடலை. திண்டிவனத்தின் பெயரைத் தாங்கிய அந்தக் கடலை, தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் விளைந்தது. நாட்டுச் சரக்குக்குள்ளே தேடி, நல்லதைப் பிரித்து, பெயர் கொடுத்துப் பரப்புகிற வேலை இந்த மண்ணுக்குப் புதியதா?

ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். கிளிமூக்கு லட்சக்கணக்கான மரங்களாக நிற்கிறது. ஒன்று விழுந்தால் இன்னொன்று இருக்கிறது. கொட்டை மரம் அப்படி அல்ல. உலகத்தில் அது ஒன்றே ஒன்று! 2011 டிசம்பர் 30 அதிகாலையை இந்த வட்டாரம் மறக்குமா? தானே புயல் கரை கடந்தபோது கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பகுதிகளில் பலாவும் முந்திரியும் மாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. சாய்ந்த ஒட்டு மரங்களுக்குப் பதில் புதிய ஒட்டுக் கன்று வாங்கி நட்டார்கள். சாய்ந்த கொட்டை மரங்களுக்குப் பதில் எதை வாங்குவது? அந்த ஊறுகாய்ப் புளிப்பு எந்தக் கடையில் கிடைக்கும்? புயல் இல்லாத ஆண்டுகளிலும் வீடு கட்ட, சாலை அகலப்படுத்த, மரம் போய்க்கொண்டே இருக்கிறது.

செய்ய வேண்டிய வேலை பெரியது அல்ல. பள்ளி மாணவர்களே, ஒரு மரத்துக்கு ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்குங்கள். யார் நட்டது, எந்த ஆண்டு, ஒட்டா கொட்டையா என்று தாத்தா பாட்டியைக் கேட்டு எழுதுங்கள். கொழுந்தின் நிறம், பூத்த மாதம், பழுத்த மாதம், பழத்தின் நீளம், அகலம், எடை, நார், சுவை, வண்டு விழுகிறதா இல்லையா என்று எழுதுங்கள். பழத்தை நேராக வைத்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், வெட்டி ஒரு படம், கொட்டையைக் கழுவி ஒரு படம். தாய்மார்களே, எந்த மரத்துக் காய் ஊறுகாய்க்கு ஆண்டு முழுதும் தாங்கியது, எது மாவடுவுக்கு ஏற்றது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எந்த ஆய்வுக்கூடமும் அதைச் சொல்லாது.

விவசாயிகளே, நல்ல கொட்டை மரம் என்று தோன்றினால் அதைக் காக்க ஒரே வழி ஒட்டுக்கட்டுவது. மாங்கொட்டை முளைத்துப் பத்துப் பதினைந்து நாளான செந்தண்டுக் கன்றில், அந்த மரத்தின் குச்சியை ஆப்பு வடிவத்தில் சீவிச் செருகிக் கட்டலாம். திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கேட்டால் கற்றுத்தருவார்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விவசாயி தான் காத்துவந்த ரகத்தைத் தன் பெயரிலேயே பதிவு செய்யலாம். மரப்பயிர்களுக்கு அந்த உரிமை 18 ஆண்டுகள்.

ஊராட்சிக்கும் ஒரு கடமை உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். திருவக்கரை, வானூர், மயிலம் வட்டாரத்து ஒவ்வோர் ஊராட்சியும் அந்தப் பதிவேட்டில் நாட்டு மாமரங்களுக்கென்று தனிப் பக்கங்களைத் திறக்கட்டும். மாணவர்கள் எழுதிய நோட்டுகள் அங்கே சேரட்டும். வருகிற சித்திரையில் செந்தூரா பழுக்கும்போது தொடங்கி, ஆடியில் கடைசி நீலம் விழுவதற்குள் முதல் சுற்றுக் கணக்கெடுப்பை முடித்துவிடலாம். இந்த அவையில் இருக்கிறவர்கள் இன்றே தங்கள் கொல்லை மரத்தின் அடியில் குனிந்து, ஒட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதல் வரியை எழுதட்டும்.